வாசலில் கூச்சல் கேட்ட பல்கலைக்கழகம்

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டில் முள்ளெலிகள் வாழ்ந்தன. அங்கே இருந்த மூன்று ஊற்றுகளில் இரண்டு ஒரே கோடையில் வற்றிப்போயின. மூன்றாவதில் நாக்கை நனைக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் சுரந்தது. அதுவும் அடுத்த கோடையைத் தாண்டாது.

செம்மி என்ற இளம் முள்ளெலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வளைக்குள் போகும், வெளியே வரும், மறுபடி உள்ளே போகும்.

"நான் நிலத்தடி நீர் பார்க்கிற படிப்பைப் படிச்சிட்டு வர்றேன். எங்கே தோண்டணும்னு நானே காட்டுறேன்!" என்று ஒருநாள் காலையில் சொல்லிவிட்டு ஓட்டமாகக் கிளம்பியது.

அந்தப் படிப்பு இரண்டே இடங்களில் இருந்தது. ஒன்று, தாமரைக்குளத்தின் கரையில் இருந்த பொதுப் பல்கலைக்கழகம். இன்னொன்று, குன்றின் உச்சியில் இருந்த பளிங்குக் கலாசாலை. இரண்டின் வாசலிலும் ஈரக் களிமண்ணைப் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் காலடி பதித்தால் சேர்ந்துவிட்டதாக அர்த்தம். பிறகு இடம் மாற முடியாது. அன்றுதான் கடைசி நாள். பொழுது சாய்ந்தால் களிமண் இறுகிவிடும்.

செம்மி குளக்கரைக்கு வந்தபோது வாசலில் ஒரே கூச்சல்! நீர்நாய், ஆமை, தவளை, கீரி என்று ஐம்பது மாணவர்கள் வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"நிரப்பு! நிரப்பு! காலி இடத்தை நிரப்பு!"

கூரையில் ஓலை பெயர்ந்திருந்தது. சுவரெல்லாம் பாசி. நூலகத்து வாசலில் ஓர் எருமை படுத்திருந்தது. அது மாணவரா, ஆசிரியரா என்று பார்த்தால் தெரியவில்லை. வாசலில் பெரிய கல்வெட்டு ஒன்று நின்றது. காட்டை ஆளும் யானைகளில், பல்கலைக்கழகத்தைத் திறந்துவைத்த யானையின் பெயர் அதில் ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. இந்தப் பல்கலைக்கழகம் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு கோடை முழுவதும் யானைப் பாதையில் படுத்துக் கிடந்த பிராணிகள் உண்டு. அங்கேயே நசுங்கிப்போன பிராணிகளும் உண்டு. அவர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை. கல்வெட்டுகள் அப்படித்தான்.

பக்கத்து வேலியிலிருந்து ஒரு மைனா பறந்து வந்தது. குன்றின் கலாசாலைக்கு ஆள் சேர்ப்பது அதன் வேலை.

"என்ன தங்கச்சி, படிக்க இடம் பார்க்க வந்தியா?"

"ஆமாண்ணே. எதுக்கு இந்தச் சத்தம்?"

"போராட்டம்! வேற என்ன? நீ எந்தப் படிப்புக்கு வந்தே? நீர் பார்க்கிறதுக்கா? அடப் பாவமே! அந்தத் துறையில நாலு வாத்தியார் இடம், நாலும் காலி. ஒரே ஒரு நண்டு தற்காலிகமா வந்து சொல்லிக்கொடுத்துட்டுப் போகுது. ஒன்பது மழைக்காலமா தற்காலிகம்! இது படிக்கிற இடமா, நீயே சொல்லு!"

செம்மிக்குத் திக்கென்றது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நீர்நாயிடம் ஓடியது.

"அண்ணே, இவர் சொல்றது நிஜமா?"

"நிஜம்தான். அதுக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துறோம்!"

"பார்த்தியா, அவனே ஒத்துக்கிறான்!" என்றது மைனா. "எங்க குன்றுக்கு வந்து பாரு. ஒரு சின்னச் சத்தம் கேட்காது!"

செம்மி வானத்தைப் பார்த்தது. உச்சி வெயில். போய்வர நேரம் இருந்தது. மைனாவின் பின்னால் குன்றில் ஏறியது.

மேலே எல்லாமே மின்னின. தரை மின்னியது, தூண் மின்னியது. மைனா சொன்னபடி ஒரு சத்தமும் இல்லை. வாசலில் களிமண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாணைக்கல் இருந்தது.

"இது எதுக்குண்ணே?"

"சேர்றதுக்கு முன்னாடி முள்ளையெல்லாம் இதுல தேய்ச்சு மழுக்கிடணும். கூரான எதுவும் உள்ளே கூடாது. அது இங்கத்து ஒழுங்கு."

"பாம்பு வந்தா நான் என்ன பண்றது?"

"இங்கே பாம்பே வராது!"

"எங்க தேரியில வருமே! படிச்சு முடிச்சு நான் அங்கேதானே போகணும்?"

"இங்கே படிச்சவங்க யாரும் தேரிக்கெல்லாம் திரும்பிப் போறதில்லை!" என்று மைனா பெருமையாகச் சொன்னது.

உள்ளே ஒரு மண்டபம். அதில் வரிசையாகக் கல்தொட்டிகள். ஒரு முயல் மாணவன் கண்ணை மூடிக்கொண்டு நடந்து வந்து, ஒரு தொட்டியருகே நின்று, "இதோ நீர்!" என்றான். எல்லோரும் காலைத் தட்டிப் பாராட்டினார்கள்.

செம்மி மூக்கை நீட்டி முகர்ந்தது. தாமரை வாசம் அடித்தது.

"இது குளத்துத் தண்ணியாச்சே!"

"ஆமா. தினமும் கொக்குகள் தூக்கிட்டு வருது."

"அப்போ, இருக்கிற இடம் தெரிஞ்ச தண்ணியைத்தான் கண்டுபிடிக்கிறாங்களா?"

முயல் வாயைத் திறந்தான். மைனாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"ஏண்ணே, இங்கே வாத்தியார் சரியாச் சொல்லிக்கொடுக்கலேன்னா யார்கிட்ட கேட்கிறது?"

"அப்படிக் கேட்டவங்க யாரும் இப்போ இங்கே இல்லை" என்றது மைனா.

முயல் அவசரமாக அடுத்த தொட்டிக்கு நகர்ந்தான். செம்மிக்கு அந்தப் பளிங்குத் தரை சுட்டது. திரும்பி ஒரே ஓட்டமாக ஓடியது. "ஏ தங்கச்சி! இடம் போயிடும்! ஏமாந்துடாதே!" என்று கத்திக்கொண்டே மைனாவும் பறந்து வந்தது.

குளக்கரையில் கூச்சல் ஓயவில்லை. ஆனால் ஓரமாக ஒரு நாவல் மரத்தடியில், மைனா சொன்ன அந்தத் தற்காலிக நண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. சுற்றிப் பத்துத் தவளைகள்.

"போராட்டத்துல பாடமா, வாத்தியாரே?" என்று செம்மி மூச்சு வாங்கக் கேட்டது.

"ரெண்டு கொடுக்கு எதுக்கு இருக்கு? ஒண்ணு போராட்டத்துக்கு, ஒண்ணு பாடத்துக்கு!" என்றது நண்டு. "நீ எங்கேருந்து வர்றே?"

"தேரிக்காட்டிலேருந்து."

"அப்போ பேசாதே. தோண்டு."

"எங்கே தோண்டணும்?"

"அதையும் நானே சொல்லிட்டா நீ எதுக்கு?"

செம்மி குளத்தைவிட்டுத் தள்ளி, மேட்டில் ஒரு குழி தோண்டியது. வறண்ட மண். இன்னொரு குழி. அதுவும் வறண்ட மண்.

"என்னத்தைப் பார்த்துத் தோண்டினே?"

"பச்சையாப் புல்லு இருந்துச்சு."

"புல்லு நேத்துப் பெய்ஞ்ச தூறலுக்கும் முளைக்கும். கரையானுக்கு ஈரம் இல்லாம ஒருநாள் ஓடாது. அது எங்கே புத்துக் கட்டியிருக்கு, பாரு."

செம்மி புற்றைத் தேடி ஓடியது. அதன் அருகே தோண்டியது. முழ ஆழத்தில் மண் கறுத்தது. மூக்கின் நுனி நனைந்தது. அந்தத் தண்ணீரை யாரும் தூக்கிக்கொண்டு வந்து வைக்கவில்லை!

"களிமண் இறுகுது தங்கச்சி! குன்றுக்கு ஓடினா இன்னும் நேரம் இருக்கு!" என்று மைனா தலைக்கு மேலே படபடத்தது.

செம்மி நீர்நாயிடம் கேட்டது. "அண்ணே, அந்த நாலு இடமும் நிரம்புமா?"

"தெரியாது. போன வருஷம் கூரை கேட்டோம். பாதிக் கூரை வந்துச்சு."

"மீதி?"

"நீயும் வந்து உட்காரு. கேட்போம்."

செம்மி வாசலுக்கு ஓடியது. களிமண் பாதி இறுகியிருந்தது. லேசாக வைத்தால் பதியவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு காலில் இறக்கி அழுத்தியது. பதிந்தது!

அன்று முதல் காலையில் பாடம், மாலையில் வாசல் என்று செம்மிக்கு நாள் ஓடியது. மூன்று மாதம் கழித்து யானைகளின் சபையிலிருந்து உத்தரவு வந்தது. நண்டு நிரந்தர ஆசிரியர் ஆனது. மற்ற மூன்று இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாணவர்களுக்குக் கொண்டாடவும் மனம் வரவில்லை, கொண்டாடாமல் இருக்கவும் முடியவில்லை.

விடுமுறையில் செம்மி தேரிக்குப் போனது. புற்றுப் புற்றாகத் தேடித் தோண்டியது. ஏழு குழிகள் பொய்த்தன. எட்டாவது குழியில் செம்மண் கறுத்தது. பிறகு கசிந்தது. பிறகு ஊறியது! கோடையில் பழைய மூன்றாவது ஊற்று வற்றியபோது ஒரு முள்ளெலிகூட ஊரைவிட்டுப் போகவில்லை.

மறுவருடம் சேர்க்கை நாள். பல்கலைக்கழக வாசலில் ஓர் உடும்புக்குட்டி மிரண்டுபோய் நின்றது. "கேட்டியா தம்பி இந்தச் சத்தத்தை? இது படிக்கிற இடமா?" என்று மைனா ஆரம்பித்தது.

முன்வரிசையிலிருந்து செம்மி எழுந்தது. அதன் முட்கள் எல்லாம் கூராக நிமிர்ந்து நின்றன.

"ஆமா தம்பி, சத்தம்தான்! மூணு வாத்தியார் இடம் காலி, பாதிக் கூரை ஒழுகுது. மறைக்க இங்கே ஒண்ணுமில்லை. அவங்க குன்றுக்கும் போய், அங்கே இருக்கிற முயல்கிட்ட என்ன குறைன்னு கேட்டுப் பாரு. அவன் பதில் சொன்னா அங்கேயே சேர்ந்துக்கோ!"

மைனா குன்றுப் பக்கம் பறந்துபோனது.

குறையே இல்லை என்று காட்டிக்கொள்ளும் இடத்தைவிட, குறையை உரக்கச் சொல்லவும் அதை மாற்றப் போராடவும் முடிகிற இடமே படிக்கத் தகுந்த இடம்.