பெருவயிறன் துப்பிய உயிர்

ஒரு காட்டில் என்று தொடங்கலாம்தான். ஆனால் பிள்ளைகளே, அப்போது காடே முளைக்கவில்லை. ஒரு குட்டைதான் இருந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் வாழ்ந்தன. அவற்றில் பெரியவன் பெருவயிறன். எதிரே வந்ததையெல்லாம் விழுங்குவான். அந்த ஒரு வித்தைதான் அவனுக்குத் தெரியும்.

குட்டையின் மேற்பரப்பில் பச்சைப் பாசிகள் பெருகி, பிராணவாயுவைக் கக்கிக்கொண்டே இருந்தன. நமக்கு அது மூச்சு, அவர்களுக்கு நஞ்சு. பட்டவர்கள் வெந்து செத்தார்கள். பெருவயிறனும் அடிச்சேற்றில் பதுங்கி நடுங்கிக் கிடந்தான்.

ஒருநாள் அவன் கனலி என்னும் சின்னஞ்சிறு உயிரை விழுங்கினான். என்ன முக்கியும் செரிக்கவில்லை.

உள்ளிருந்து குரல் வந்தது. "ஐயா, நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். அந்த நஞ்சை எரிக்க எனக்குத் தெரியும். எரிப்பதில் வரும் தெம்பு உங்களுக்கு. நீங்கள் தின்ற மிச்சம் எனக்குப் போதும்."

அன்றுமுதல் பெருவயிறனுக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே! நஞ்சு நீரில் உல்லாசமாக நீந்தினான். நெஞ்சு என்று ஒன்று இருந்திருந்தால் நிமிர்த்தியும் இருப்பான்.

"எல்லாம் பிறவியிலேயே வந்த வலிமை!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றினான். கனலியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

நஞ்சு அடிச்சேற்றுக்கும் இறங்கியது. அங்கே பாதி வெந்து கிடந்தாள் நழுவி. தந்திரக்காரி. பெருவயிறன் கனலியை விழுங்கியதை அன்றே கண்ணால் பார்த்தவள்.

"அண்ணே, ஊர் கண்டபடி பேசுகிறதே!" என்றாள், அந்தப் பக்கம் நீந்தி வந்த பெருவயிறனிடம். "உன் வயிற்றில் எவனோ இருக்கிறானாம், அவன் தயவில்தான் நீ பிழைக்கிறாயாம். எங்கள் அண்ணனா அப்படி என்று சண்டையே போட்டுவிட்டேன்."

பெருவயிறனுக்குச் சுருக்கென்றது. "எந்த நாய் சொன்னது? உள்ளே இருப்பவன் நான் போட்ட மிச்சத்தைத் தின்பவன். நினைத்தால் இப்போதே துப்பிவிடுவேன்!"

நாய் பிறக்கவே பல கோடி ஆண்டுகள் கிடந்தன. கோபம் வந்தால் முட்டாளுக்குக் காலம் ஏது?

"துப்பித்தான் காட்டேன், அண்ணே. ஊர் வாய் அடங்கட்டும்."

"ஐயா, வேண்டாம்!" என்று கனலி கெஞ்சினான். "நான் போனால் உங்கள் உயிர் தங்காது."

"வேலைக்காரப் பயல் என்னையே மிரட்டுகிறானா?" என்று கத்திய பெருவயிறன், வீம்புக்குத் தூவென்று துப்பினான்.

நழுவி வாயைத் திறந்தபடி தயாராக இருந்தாள். லபக்கென்று கனலியை விழுங்கிவிட்டாள்.

அடுத்த கணமே பெருவயிறனின் தோல் பொசுங்கத் தொடங்கியது. "ஐயோ, எரிகிறதே! அடியே, அவனைத் திருப்பிக் கொடு!"

"சீச்சீ! துப்பியதைத் தின்பார்களா, அண்ணே?" என்று சொல்லிவிட்டு, நழுவி ஒய்யாரமாக மேல்நீருக்குப் போனாள்.

பெருவயிறன் அங்கேயே வெந்து செத்தான். புழு முதல் உங்கள் பள்ளி வாத்தியார் வரை எல்லாரும் நழுவியின் வழி வந்து, கனலியை இன்றும் உடம்புக்குள் வைத்திருப்பவர்களே. பெருவயிறனுக்கு வாரிசு இல்லை. அவன் வாய்க்கொழுப்புக்கு மட்டும் ஊரெல்லாம் வாரிசு.

நீதி: தன்னை வாழவைப்பவனை இழிவாக நினைப்பவன், தன் உயிரைத் தானே துப்புகிறான்.