ராஜா ஏறிய கூடை நாற்காலி

வேங்கைமலை ராஜா திருமேனி பூபதிக்கு இரண்டே இடங்கள்தான் பிடிக்கும். கீழே சாப்பாட்டுக் கூடம், மேல்மாடியில் கட்டில். நடுவில் ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டைத் தவிர ராஜாவுக்கு வேறு எதிரி கிடையாது.

"படி ஏறாமல் நான் மேலே போகவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வழி செய். இல்லாவிட்டால் உன் தலை போய்விடும்!" என்று விகடன் உத்தண்டிக்கு உத்தரவிட்டார்.

உத்தண்டி கிணற்றங்கரையை நினைத்துக்கொண்டான். கூரையில் பெரிய கப்பி மாட்டிக் கயிறு கோத்தான். கயிற்றின் ஒரு முனையில் நாற்காலி. மறுமுனையில் மேல்மாடி ஜன்னலருகே கல் போட்ட கூடை. கல்லும் ஆளும் சம எடையானால், லேசாக இழுத்தாலே நாற்காலி ஏறும்.

ஆனால் ராஜாவின் எடை என்ன? அதைப் பற்றி வாய் திறந்த சமையல்காரன் இன்னும் சிறையில் களி தின்கிறான். உத்தண்டியைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் சேஷையா முந்திக்கொண்டார்.

"மகாராஜா பூ மாதிரி! என்னைவிட இலேசு!" என்று குழைந்து, நாலே நாலு கல்லைப் போடச் செய்தார்.

வெள்ளிக்கிழமை ராஜா உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை. எத்தனை பேர் இழுத்தும் அசையவில்லை.

"இவன் வேலையே மோசடி, மகாராஜா!" என்றார் சேஷையா. ராஜாவின் கை வாளுக்குப் போனது.

உத்தண்டி பணிவாகக் கும்பிட்டான்.

"கல்லை நம்பியது என் தப்பு, மகாராஜா. அமைச்சர் தங்களைவிடக் கனம். அவரே சொன்னாரே! கல்லை எடுத்துவிட்டு அவரைக் கூடையில் உட்கார வைப்போம்."

சேஷையாவால் மறுக்க முடியுமா? மேல்மாடிக்குப் போய்க் கூடையில் ஏறினார். கூடையைப் பிடித்திருந்த கொக்கியைக் கழற்றினார்கள். கூடை இறங்கவில்லை. அமைச்சர் அந்தரத்தில் ஊசலாடினார்.

"சே!" என்று ராஜா எழப் போனார்.

"எழுந்திருக்காதீங்க மகாராஜா! நான் விழுந்துடுவேன்! அடேய், கல் போடுங்கடா!"

"எத்தனை கல், ஐயா?" என்று உத்தண்டி கீழிருந்து கேட்டான்.

"நிறையப் போடுடா!"

"பூ மாதிரி இருப்பவருக்கு எதற்கு ஐயா நிறைய?"

"பூவாவது காயாவது! மகாராஜா யானைக் குண்டுடா!"

சேவகர்கள் அமைச்சர் மடியில் கல் அடுக்கினார்கள். கூடை இறங்கியது, ராஜா ஏறினார். நடுவழியில் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். மடி நிறையக் கல்லோடு சேஷையா கும்பிடு போட்டார்.

மேல்மாடியில் காலெடுத்து வைத்த ராஜா குனிந்து கேட்டார்: "உத்தண்டி, என்னைக் குண்டு என்றவருக்கு என்ன தண்டனை?"

"தண்டனை வேண்டாம், மகாராஜா. சரியான எடை அவர் ஒருவருக்குத்தான் தெரிகிறது. கூடையிலேயே இருக்கட்டும். மத்தியானம் விருந்து இருக்கிறது. சாப்பிட்டபின் மேலே போக எத்தனை கல் கூட்டவேண்டும் என்று அவரே சொல்லட்டும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கயிறு ஆடியது. தன் முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்கு வீசினார்.

கூடைக்குள்ளிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல் கேட்டது: "விருந்தில் பாயசம் உண்டா, மகாராஜா?"