தலைவரின் கண்ணீர் அஞ்சலி

“உன் புருஷன் செத்ததுக்கு ஆதாரம் இல்ல” என்று சொல்லி, பேரூராட்சித் தலைவர் தங்கமாரியப்பன் சொர்ணத்தாயின் மனுவைத் தள்ளிவிட்டார்.

அவள் புருஷன் பூவலிங்கம் போன வருஷம் வீட்டிலேயே இறந்தவர். தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அது கிடைத்தால்தான் வீட்டுப் பட்டா சொர்ணத்தாய் பெயருக்கு மாறும். இல்லையென்றால் கொழுந்தன் வீட்டைப் பிடுங்கிக்கொள்வான். கொழுந்தன் தலைவரின் கட்சிக்காரன்.

“அப்ப அவரு உசுரோட இருக்காருங்கிறீகளா, அய்யா?”

“அரசாங்கக் கணக்குல இருக்கான். எனக்குத் தெரியாத சாவுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

சொர்ணத்தாய் வெளியே போய் ஒரு பிளெக்ஸ் சுருளோடு வந்தாள். “ஆட்டுக் கொட்டகையில கிடந்துச்சு” என்று சொல்லி, அதை மேசைமேல் விரித்தாள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே தலைவர் ஆளுயரத்துக்குச் சிரித்தபடி கைகூப்பி நின்றார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இதுல செத்தது யாரு?” என்று ஒருவர் கேட்டார்.

“அந்தா, ஓரத்துல தபால்தலை கணக்கா இருக்காருல்ல, அவருதான். நடுவுல இருக்கிறது தலைவரு.” தலைவர் பக்கம் திரும்பினாள். “உசுரோட இருக்கிறவருக்கு அய்யா ஏன் அஞ்சலி வச்சீகன்னு எனக்கு விளங்கல. மறுபடி பஸ் ஸ்டாண்டுல கட்டி, சனங்ககிட்ட கேட்டுக்கிறேன்.”

தலைவர் பேனாவைத் தேடினார். எழுத்தர் தன்னுடையதை நீட்டினார். கையெழுத்து விழுந்தது.

முத்திரை குத்துவதற்கு முன், மனுவின்மேல் உதிர்ந்து கிடந்த ஆட்டுப் புழுக்கைகளை எழுத்தர் புறங்கையால் தள்ளிவிட்டார்.