நண்டு ஏன் கொடுக்கைக் காதோரம் தூக்கி வைத்திருக்கிறது

பறவையும் நண்டும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், கரீபியக் கடலில் டிரினிடாட் தீவின் அலையாத்திக் காட்டில், கொடுக்கன் என்ற நண்டும் அவன் மனைவி மாசியும் ஒரு வளையில் குடியிருந்தார்கள். மாசியின் வயிற்றடியில் முட்டைகள் ஒட்டியிருந்தன. கொடுக்கனின் தங்கை அல்லி வடக்கே கிரெனடா தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

நண்டுகள் கொடுக்கால் சேற்றைத் தட்டித்தான் ஒன்றையொன்று கூப்பிடும். ஒவ்வொரு வளைக்கும் ஏழு இலக்கம்: வாய்க்காலுக்கு மூன்று, வளைக்கு நான்கு. எந்த இலக்கமோ அத்தனை தட்டு. கடல் தாண்ட வேண்டிய தட்டுகளை அடியில் கிடக்கும் சங்குகள் வாங்கி அனுப்பிவைக்கும்.

இதில் இரண்டு தொல்லைகள். எல்லாத் தீவிலும் அதே ஏழு இலக்கங்கள் இருந்ததால் ஒருவருக்கு வந்த தட்டு இன்னொருவருக்குப் போனது. மற்றது அரிவாள்மூக்கன் என்ற பறவை. வளைந்த அலகால் ஏழு இலக்கத்தையும் சேற்றில் தட்டிவிட்டு வாசலில் நிற்கும். யாரென்று பார்க்க வந்த நண்டு திரும்பாது. ஒரே மாதத்தில் பதினான்கு நண்டுகள் போயின. அப்போது அதன் இறகு வெள்ளை.

புயல் காலம் நெருங்கியது. புயல் முதலில் கிரெனடாவைத் தொடும். அல்லி தட்டியதும் மாசியை மேட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பிந்தினால் அலை கொண்டுவரும் மணல் வளையை மூடிவிடும். முந்தினால் வாசலில் அலகு.

கொடுக்கன் கரைச் சங்கிடம் போனான்.

"வெளித்தீவிலிருந்து கூப்பிடுகிறவர்கள் முதலில் ஒன்று தட்டட்டும். அது உன்னை எழுப்ப. பிறகு தீவுக்கு மூன்று இலக்கம். எங்களுக்கு எட்டு, ஆறு, எட்டு. கிரெனடாவுக்கு நான்கு, ஏழு, மூன்று. அதற்கப்புறம் பழைய ஏழு."

"ஆக மொத்தம் பதினொன்று," என்றது சங்கு. "பக்கத்து வளைக்கும் இத்தனையுமா தட்டுவாய்?"

"தீவுக்குள் ஏழே போதும்." சங்கு இதை எல்லாத் தீவு நண்டுகளுக்கும் சொல்லியனுப்பியது.

மேலே ஒரு கிளையில் அரிவாள்மூக்கன் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தது. தூங்குவதாகத்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் தட்டு வந்தது. கொடுக்கன் பெரிய கொடுக்கைக் காதோரம் தூக்கி எண்ணினான். ஒன்று. எட்டு, ஆறு, எட்டு. பிறகு அவன் வளையின் ஏழு. அதோடு நின்றுவிட்டது.

"அல்லிதான். கிளம்பலாங்க," என்றாள் மாசி.

"பொறு. இலக்கம் சரி. தட்டியது யார்?"

பக்கத்து வளையிலும் அதே போல் தட்டு வந்திருந்தது. அங்கிருந்த கட்டையன் சிரித்தான். "அடேய் கொடுக்கா, கணக்குச் சொன்னதும் நீ, சந்தேகப்படுவதும் நீயா? உன் நிழலுக்கே நீ கதவு திறக்க மாட்டாய். நான் போகிறேன்."

"போகாதே கட்டையா. கொஞ்சம் இரு."

கட்டையன் போய்விட்டான். மேலே ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

கொடுக்கன் வந்த தட்டுக்குப் பதில் சொல்லவில்லை. வளையின் அடிக்கு இறங்கி, தானே தட்டினான்: ஒன்று, நான்கு, ஏழு, மூன்று, அப்புறம் அல்லியின் ஏழு இலக்கம். மாசி முட்டைகளை அணைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

சங்கு வழியே அல்லியின் பதில் வந்தது. "என்ன அண்ணே, இங்கே நல்ல வெயில். நான் தட்டவே இல்லையே."

அவர்கள் அசையவில்லை. மறுநாள் மீண்டும் பதினொன்று வந்தது. கொடுக்கன் மீண்டும் அல்லியைக் கூப்பிட்டுக் கேட்டான். "ஆமாம் அண்ணே, நான்தான். கூரை மாதிரி அலை வருகிறது. அண்ணியைக் கூட்டிக்கொண்டு போ," என்றாள்.

அவர்கள் மேடேறியபோது காற்றுக்குப் பயந்து அரிவாள்மூக்கன் பறந்துபோயிருந்தது. பின்னால் மணல் வளையை மூடியது. முட்டை ஒன்றுகூடக் குறையவில்லை.

புயல் ஓய்ந்து திரும்பிய அரிவாள்மூக்கன் சிவந்திருந்தது. தின்ற நண்டுகளின் நிறம் இறகில் ஏறிவிட்டது. எவ்வளவு கழுவியும் போகவில்லை.

அன்று முதல்தான் அந்த இன நண்டு ஒரு கொடுக்கைக் காதோரம் தூக்கி வைத்துக்கொண்டு, எண்ணி முடித்ததும் வெளியே வராமல் உள்ளே ஓடுகிறது. அந்தத் தீவின் மனிதர்களும் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் மூன்றும் ஏழுமாகத் தொலைபேசி எண்ணைச் சொல்லிவிட்டு, பதினொன்றும் சரியாக வந்தாலும், தமக்குத் தெரிந்த எண்ணைத் தாமே ஒருமுறை கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் நம்புகிறார்கள்.