கிளிஞ்சல் திரும்பி வந்ததும் மஞ்சள் சிவந்ததும்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் வாய் இருந்தது. மனிதர்களும் பேசினார்கள்தான். ஆனால் இப்போது போல ஓயாமல் பேசவில்லை. அதனால் மற்றவர்கள் சொல்வது காதில் விழுந்தது.

ஆறு கடலில் போய்ச் சேருகிற இடத்தில் அகலமாக ஒரு கழி. அந்தக் கழித் தண்ணீரை எல்லாரும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பிள்ளைகள் நிறைய. உப்பு ஒரு பிள்ளை, மண் ஒரு பிள்ளை, பனிமூட்டம் ஒரு பெண். கடைக்குட்டிதான் கிளிஞ்சல். அந்தக் காலத்துக் கிளிஞ்சல் என்றால் காலில் குத்துகிற இந்தப் பொடிசு இல்லை. கவிழ்த்தால் ஒரு வீட்டுக்குக் கூரை. நிமிர்த்தினால் நாலு ஆள் ஏறிப் போகிற தோணி. நம்ப முடியாதவர்கள் கொஞ்சம் சின்னதாகவே நினைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு ஒன்றும் குறையாது.

ஆத்தாவுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. "எங்க வேணும்னாலும் போங்க. போன மாதிரியே திரும்பி வரணும்."

பிள்ளைகளும் அப்படித்தான் வந்தார்கள். உப்பு வெயிலோடு போய்க் கரையில் வெள்ளையாக உட்கார்ந்திருப்பான். அலை தொட்டதும் கரைந்து மடிக்கு வந்துவிடுவான். வாயில் வைத்துப் பார்த்தால் அதே உப்பு. பனிமூட்டம் விடிந்ததும் மேலே ஏறிப் போவாள், இரவில் மறுபடி பனியாக இறங்கி வருவாள். மண் ஊருக்குள் போய்ச் சுவராக நிற்பான். ஐப்பசி மழையில் கரைந்து வீடு வந்து சேர்வான். கிளம்பும்போது ஒவ்வொருவரும் "போய் வரேன் ஆத்தா" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

"என் பிள்ளைங்க கரைவாங்க, காய்வாங்க, பறப்பாங்க. மாற மாட்டாங்க" என்று கடலிடம் அவள் பெருமை பேசுவாள். கடல் நல்ல மனுஷன். ம் கொட்டிக்கொண்டிருப்பான்.

கழிக்கரையில் நாகாயி என்று ஒருத்தி. அவள் புருஷன் வைரவன் சரக்குத் தோணியில் கடல் தாண்டிப் போயிருந்தான். மண்சுவர் வீடு. கொல்லையில் ஒரு பாத்தி மஞ்சள். தண்ணீர் ஏறி வரும்போதெல்லாம் கிளிஞ்சல் அந்தப் பாத்தி ஓரமாக வந்து ஒதுங்குவான். மஞ்சளை அக்கா என்பான்.

போன ஐப்பசியில் ஆத்தா மழையாக வந்து கூப்பிட்டாள். மண் எழுந்து போனான். அப்போது சுவரோரம் தூளியில் நாகாயியின் தலைச்சன் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம் வைரவன் கிளம்பும்போது அவள் மறுபடி மாசமாக இருந்தாள். மறுபடி ஐப்பசி வரப்போகிறது. ஒரு நாள் சுவரில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மண்ணு, இந்தத் தடவையாவது நில்லேன்."

"ஆத்தா கூப்பிட்டா என் கால் நிக்காது நாகாயி. நிக்கிறேன்னு உன்கிட்ட பொய் சொல்லவா?"

"பொய்யாவது சொல்லேன்."

மண்ணிடமிருந்து ஒரு கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

கொல்லையில் கிடந்த கிளிஞ்சல் இதைக் கேட்டான். மணல் மேட்டில் கரிக்குழிக்குள் நெருப்பு குடியிருந்தான். கிளிஞ்சல் அலையேற்றத்தோடு அங்கே போனான்.

"தண்ணி கூப்பிட்டாலும் போகாதவனா என்னை ஆக்க முடியுமா?"

நெருப்பு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "முடியும். ஆனா உன் மூச்சை இங்கேயே விட்டுட்டுப் போகணும். உருவம் இருக்கும், கனம் இருக்காது. பெத்தவளுக்கே உன்னைத் தெரியாது. விறகு வந்தான், சாம்பலாத்தான் போனான். எவனும் போன மாதிரி திரும்பினதில்லை. யாரையும் ஏமாத்தி உள்ள கூப்பிடுற பழக்கம் எனக்கில்லை, யோசிச்சுக்க."

கிளிஞ்சல் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னான். மஞ்சளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சுட்டுத் திங்க நீ என்ன கத்திரிக்காயா? என்னைப் பாரு. அவிச்சாங்க, காய வெச்சாங்க, உரல்ல போட்டு இடிச்சாங்க. உள்ளேயும் மஞ்சள், வெளியேயும் மஞ்சள். எவனுக்காகவும் நான் நிறம் மாறினதில்லை."

"நீ அப்படியே இரு அக்கா. நான் வேறயா வந்தா, பழைய ஆள் ஒருத்தராவது இருக்கணும்ல."

கழியில் அப்போது தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. ஆத்தாவுக்குக் கைநிறைய வேலை. "போறேன் ஆத்தா" என்று கிளிஞ்சல் சொன்னதற்கு, "ம், போ போ" என்றாள்.

கடல் மட்டும் கேட்டான். "உன் கடைக்குட்டி வரேன்னு சொல்லலையே."

"சின்னப் பய. அவசரத்துல விட்டிருப்பான்."

உன் சுவருக்காக நெருப்புக்குள் போகிறேன் என்று கிளிஞ்சல் சொன்னதும் நாகாயி வேண்டாம் என்றாள். திரும்பத் திரும்ப வேண்டாம் என்றாள். பிறகு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தினாள். கரை ஆட்கள் நாலு பேர் சேர்ந்து கிளிஞ்சலைக் குழிக்குத் தூக்கினார்கள். கீழே கரி, மேலே கரி. நெருப்பு எழுந்தான். கிளிஞ்சல் கத்தவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டான், அவ்வளவுதான். அந்த மூச்சைக் காற்று வாங்கி வைத்துக்கொண்டது.

குழி ஆறியபோது அவன் வெளுத்துப்போய்க் கிடந்தான். முதுகில் அதே கோடுகள், அதே வளைவு. ஆனால் நாலு பேர் தூக்கியவனை நாகாயி ஒருத்தியே தலையில் வைத்து எடுத்து வந்தாள். கரையோரம் ஒரு பள்ளம் தோண்டி அதில் இறக்கினாள்.

"ஆத்தா, உன் பிள்ளை வந்திருக்கான்."

ஆத்தா ஆசையாகக் கை நீட்டித் தொட்டாள். தொட்டதும் பள்ளம் கொதித்தது. ஆவி சீறிக்கொண்டு எழும்பியது. கிளிஞ்சல் படபடவென்று வெடித்து, கோடுகளும் வளைவும் போய், வெள்ளைச் சேறாக இடிந்து விழுந்தான். ஆத்தா கையை உதறிப் பின்வாங்கினாள்.

"யாரு இவன்? என் பிள்ளை உருவத்தை மாட்டிக்கிட்டு வந்து என்னையே சுடுறான்."

"நான்தான் ஆத்தா." பள்ளத்திலிருந்து வந்த குரல் சீறலாகத்தான் இருந்தது.

"என் பிள்ளை குளிர்ந்தவன். கனமானவன். இவன் யாரோ."

கரையில் உட்கார்ந்திருந்த உப்பு எட்டிப் பார்த்தான். "நம்ம வீட்டுல எவனும் இப்படித் திரும்பினதில்லை ஆத்தா. நானும் வெள்ளைதான், உன்னை என்னைக்காவது சுட்டிருக்கேனா?"

"இவனோட ஒரு சொட்டும் கலக்க மாட்டேன்" என்றாள் ஆத்தா.

தண்ணீர் கலக்காவிட்டால் அவன் காய்ந்து வெறும் தூளாகிவிடுவான். சுவரில் ஒட்ட மாட்டான். கீழ்வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாகாயிக்கு இடுப்பில் லேசாக வலி எடுத்திருந்தது. இருப்பதை வைத்தாவது பூசலாம் என்று பள்ளம் ஆறியதும் கையை விட்டு அள்ளினாள். காலையில் மஞ்சள் பூசிக் குளித்த கை அது.

கை ரத்தமாகச் சிவந்தது. வெட்டிக்கொண்டோமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் இல்லை.

"ஆத்தா, இங்க பாரு" என்றது ஒரு குரல். மஞ்சள்தான். "அவிச்சப்போ நான் மாறல. இடிச்சப்போ மாறல. இவனைத் தொட்டதும் என் நிறம் என்கிட்ட நிக்கல. ஊரான் பிள்ளைக்கா நான் இப்படி ஆவேன்?"

கழி அசையாமல் நின்றது.

ஆத்தா கடலைப் பார்த்துச் சொன்னாள். "போறேன்னுதான் சொல்லிட்டுப் போனான். நீகூடச் சொன்ன. எனக்குத்தான் காதுல விழல."

மெல்ல, ஓசைப்படாமல், அவள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினாள். இந்த முறை அவன் கொதிக்கவில்லை. அவனைக் குழைத்து, கட்டியில்லாமல் கரைத்து, தன் கையாலேயே நாகாயியிடம் எடுத்துக் கொடுத்தாள். கரைப் பெண்கள் கூடி உள்ளும் புறமும் பூசினார்கள். வெந்து, கொதித்து, குழைந்த அவனைத்தான் இன்றைக்கு நாம் சுண்ணாம்பு என்கிறோம்.

மழை இறங்கியது. ஆத்தா மழையாக வந்தாள். வந்தால் கூப்பிடாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. உள்ளே மண் எழப் பார்த்தான்.

"அண்ணே, உட்காரு" என்றான் மேலே பூசியிருந்தவன்.

மண் உட்கார்ந்தான். ஆத்தா சுவரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள், தடவித் தடவி வழிந்து தரையோடு போனாள். சுவர் நின்றது. உள்ளே ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்டு மண்ணும் அழுதானாம். சுவர் உள்பக்கம் ஈரமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று மண்ணே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

காற்று தினமும் அந்தப் பக்கம் வந்தது. வாங்கி வைத்திருந்த மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் திருப்பிக் கொடுத்தது. மழைக்காலங்கள் சில போயின. ஒரு நாள் நாகாயி சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள். கிளிஞ்சலைத் தட்டினால் வருகிற அதே 'ணங்'. மூச்சு திரும்பிவிட்டது, கனம் திரும்பிவிட்டது. ஆத்தாவின் மடிக்கு மட்டும் அவன் திரும்பவில்லை. கூப்பிட்டாலும் போகக் கூடாது என்றுதானே நெருப்புக்குள் போனான்.

பிள்ளை ஓடியாடுகிற வயதில் வைரவன் ஊர் வந்து சேர்ந்தான். கருகிய முகம், மார்வரை தாடி, தோளில் ஒரு வெட்டுத் தழும்பு. பிள்ளை பயந்து சுவரோரம் ஒளிந்தது. நாகாயியே வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றாள்.

"என்ன நாகாயி, என்னையே தெரியலையா?"

"அங்கேயே நில்லுங்க. கேட்டுட்டு வரேன்."

அவள் ஒரு தட்டில் தண்ணீர் எடுத்தாள். மஞ்சளைக் கரைத்தாள். சுவர் பூசி மிஞ்சிய சுண்ணாம்பைப் பானையில் தண்ணீருக்கடியில் வைத்திருந்தாள். அதில் ஒரு கிள்ளு எடுத்துப் போட்டாள். தட்டு சிவந்தது. ஆத்தா, அக்கா, தம்பி, மூவரும் ஒன்றாகி அந்தத் தட்டில் அவன் முகத்தைப் பார்த்தார்கள். முகம் மாறி வந்தவனை அவர்களுக்குத் தெரியாதா? நாகாயி தட்டைச் சுற்றினாள். விரலால் தொட்டு அவன் நெற்றியில் இட்டாள். "உள்ள வாங்க" என்றாள்.

பிறகு தட்டோடு தெருவுக்குப் போய் அந்தச் சிவந்த நீரை ஊற்றினாள். தெரு கழியை நோக்கிச் சரிந்த தெரு. நீர் மெல்ல வழி பிடித்து ஓடியது.

"எதுக்கு ஊத்துற?" என்று கேட்டான் வைரவன்.

"அந்த ஒரு கிள்ளாவது அவங்க வீட்டுக்குப் போகட்டும்."

அன்றைக்கு அவள் செய்ததைத்தான், தொலைவு போய்த் திரும்புகிற யாரையும் வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்த நீரால் ஆரத்தி சுற்றி, இன்றுவரை நாம் செய்கிறோம். சுற்றிய நீரை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் தெருவில் ஊற்றுவதும், வருகிறேன் என்று சொல்லாமல் போன அந்தக் கடைக்குட்டி தன் ஆத்தாவோடு போய்ச் சேரட்டும் என்றுதான்.