ஆறு மாத விருந்தாளி

"ஆசானே, தாங்கள் அனுமதித்தால் அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்பிவிடுகிறேன்" என்றான் கெர்த்தா.

வைத்தியம் படிக்கச் சாவகத்திலிருந்து கடல் கடந்து காஞ்சிக்கு வந்தவன். வந்து ஆறு மாதம் ஆகிறது. நாடி பார்க்கும் பரீட்சையில் இரண்டு முறை தோற்றுவிட்டான். மூன்றாவதிலும் தோற்றால் அவனாகப் போக வேண்டாம், பாடசாலையிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். அவன் ஊரிலோ வைத்தியரே கிடையாது.

"இங்க யாராவது உன்னைத் திட்டினாங்களா?" என்று கேட்டார் ஆசான் பூதனார்.

"இல்லை. எல்லோரும் தங்கமானவர்கள். பந்தியில் முதல் இலை எனக்குத்தான். தண்ணீர்கூட இறைக்க விடுவதில்லை."

"பாடம் புரியுதா?"

கெர்த்தா தலையைக் குனிந்துகொண்டான்.

"புரிந்தது என்று சொல்லிவிடுவேன். நான் தப்பாகச் சொன்னாலும் எல்லோரும் 'ஆகா' என்பார்கள்."

பூதனாருக்குச் சுருக்கென்றது. 'ஆகா' சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று முணுமுணுத்தபடி அடுக்களைக்குள் போனார். ஓர் அகப்பையோடு திரும்பி வந்து அதை அவன் கையில் திணித்தார்.

"நாளைக்குச் சமையல் உன் முறை. நாப்பது பேருக்கு."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே!"

"அது எனக்கும் தெரியும்."

மறுநாள் சோறு அடிப்பிடித்தது. குழம்பை வாயில் வைக்க முடியவில்லை.

பிள்ளைகள் மரியாதையாக விழுங்கிப் பார்த்தார்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும், மரியாதை மட்டும் நிற்குமா? கூடப் படிக்கும் மாசாத்தன்தான் முதலில் துப்பினான்.

"டேய் கெர்த்தா! என்னடா இது? நீ வந்த கடலையே மொண்டு ஊத்திட்டியா?"

பந்தியே சிரித்தது.

அவனை அங்கே ஒருவன் 'டேய்' என்று கூப்பிட்டது அன்றுதான். கெர்த்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அவனும் சிரித்தான்.

"எழுந்து வாடா, எப்படின்னு காட்டுறேன்" என்று மாசாத்தன் அவனை அடுப்படிக்கு இழுத்துப் போனான்.

அன்று மாலை பூதனார் நாடிப் பாடத்தைச் சொல்லி முடித்தார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள் எல்லோரும்.

"எனக்குப் புரியலை" என்றான் கெர்த்தா.



"எனக்கும்தான், ஆசானே" என்றான் மாசாத்தன்.

"எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பூதனார் சுவடியைக் கட்டி வைத்துவிட்டுத் தன் கையை நீட்டினார்.

"வந்து பிடிச்சுப் பாருடா. ஆமா, உன் கப்பல் என்னைக்கு?"

கெர்த்தாவின் விரல்கள் ஏற்கெனவே அவர் நாடியைத் தேடிக்கொண்டிருந்தன.

"எந்தக் கப்பல்?" என்றான்.