கசிவுக் கணக்கு

“மேடம், ஒரு கால்வாய் இவ்வளவு தண்ணியைத் தொலைச்சா அதை எப்படிச் சும்மா விடறது?”

காரை விட்டு இறங்கும்போதே கேட்டார் தணிகைவேல்.

அவர் ஓய்வுபெற்ற பொறியாளர்; பாசனத் திட்டங்களுக்கு இப்போதும் ஆலோசகர். தண்ணீரின் பொருளாதாரம் படிக்க வேண்டுமென்று மறுபடியும் மாணவரானவர். அவருடைய ஆசிரியை அமலோற்பவம் அவரைவிட வயதில் சின்னவர். ஆற்றுத் தண்ணீரைப் பங்கு பிரிப்பதில் எங்கே சிக்கல் வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்டால் அவர் லேசில் பதில் சொல்லமாட்டார். எங்காவது கூட்டிக்கொண்டு போவார்.

அன்று கால்வாய்க் கரைக்குக் கூட்டி வந்திருந்தார்.

“எவ்வளவு தொலையுது?”

“மதகுல திறக்கிறதுல மூணுல ஒரு பங்கு வயலுக்கே போய்ச் சேரல. மண் கால்வாய். வழியெல்லாம் கசிவு. கான்கிரீட் போட்டா அத்தனையும் மிச்சம். அதை வச்சு இன்னும் பல ஊருக்குப் பாசனம் கொடுக்கலாம். அறிக்கையில என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னிக்குக் கொடுத்தா நாளைக்கே வேலையை ஆரம்பிச்சிடுவாங்க.”

“தொலைஞ்ச தண்ணி எங்க போச்சு?”

“மண்ணுக்குள்ள.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன மேடம்? போனது போனதுதான்.”

அமலோற்பவம் வானத்தைப் பார்த்தார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

“வாங்க சார், குளிக்கலாம்.”

*

கரையிலிருந்து கிழக்கே சரிவில் இறங்கினார்கள். வாழைத் தோப்பைத் தாண்டும்போதே கூச்சல் கேட்டது.

பெரிய கிணறு. உள்ளே இறங்கக் கல் படிகள். பாதி ஊர் அதற்குள்தான் இருந்தது. கிணற்றுக்காரர் வெள்ளியங்கிரி தன் மனைவிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா இடுப்பில் லாரி டியூப்.

“கைய விட்டீங்கன்னா பாத்துக்கங்க! மேல வந்து பேசிக்கறேன்!”

அவர் விட்டார். அந்தம்மா அலறிக்கொண்டே மிதந்தார். கிணறே சிரித்தது.

வெள்ளியங்கிரி நிமிர்ந்து பார்த்தார். “ஏனுங்க, வெளியூருங்களா? எறங்குங்க, தண்ணி ஜில்லுனு இருக்குதுங்க.”

“நான் குளிக்க வரலைங்க” என்றார் தணிகைவேல்.

சொல்லி முடிக்கவில்லை. அமலோற்பவம் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். நாலடி பின்னால் போனார். ஓடிவந்து குதித்தார்.

மேலே நின்ற தணிகைவேல் முகத்தில் தண்ணீர் அடித்தது.

ஒரே கைதட்டல். “அக்கா, மறுக்கா ஒருவாட்டி!”

மந்திரிகள் எழுந்து நின்று வணங்கும் பெண்மணி அவர். தணிகைவேல் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“மேடம், என் கேள்விக்குப் பதில்?”

“இங்க இருக்கு சார். மேல நின்னா தெரியாது.”

தணிகைவேல் சட்டையைக் கழற்றி மடித்தார். கண்ணாடியையும் போனையும் அதன்மேல் வைத்தார். ஒவ்வொரு படியாக, கண்ணியமாக இறங்கினார்.

பாசி படிந்த படி அவருடைய கண்ணியத்தைப் பார்க்கவில்லை. வழுக்கி, தொப்பென்று விழுந்தார்.

மேலே வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கல்லூரி நாளுக்குப் பிறகு கிணற்றில் கால் வைத்ததில்லை. கைகால்கள் தாமாகவே நீந்தின.

“கோடையில இவ்வளவு தண்ணி எப்படிங்க?”

“எங்க ஊரு ராசிங்க!” என்றார் வெள்ளியங்கிரி. “பொண்ணு கொடுக்கறவங்க கெணத்தை எட்டிப் பார்த்துட்டுத்தான் மாப்பிள்ளையப் பார்ப்பாங்க. வத்துனதா நான் பார்த்ததே இல்லீங்க.”

“நான் எட்டிப் பார்க்காம ஏமாந்தேன்” என்றது டியூப்.

தணிகைவேலுக்கு மூச்சு வாங்கியது. சுவரோரம் போய் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டார்.

கையில் ஏதோ ஊர்ந்தது.

திடுக்கிட்டுப் பார்த்தார். கல்லிடுக்கிலிருந்து தண்ணீர். விரல்களின்மேல் வழிந்து கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இடுக்கிலும் அப்படியே. அதற்கும் பக்கத்தில்.

எதிர்ச் சுவருக்கு நீந்தினார். தடவிப் பார்த்தார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே காய்ந்த கல்.

திரும்பி வந்தார்.

“இது எந்தப் பக்கத்துச் சுவருங்க?”

“மேக்குச் சுவருங்க.”

அவர்கள் கால்வாயிலிருந்து இறங்கி வந்த திசை.

தணிகைவேல் அந்த ஈரக் கல்லில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு வழிகிற தண்ணீரில் ஒரு கை பிடித்துக் குடித்தார்.

“இப்படிக் கெணறு இன்னும் இருக்குதுங்களா?”

“கால்வாயோரமாவே போங்க. கண்ணுக்கெட்டுற வரைக்கும் கெணறுதானுங்க.”

அமலோற்பவம் கண்ணை மூடி மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

மேலே போன் அடித்தது. மறுபடி குதிப்பதற்காக ஏறியிருந்த வெள்ளியங்கிரி எடுத்துக் காதில் வைத்தார்.

“சார், ஆபீசுல இருந்துங்க! கையெழுத்துப் போட்டாச்சான்னு கேக்கறாங்க!”

தணிகைவேல் முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இன்னும் அடுத்த கெணத்துல குளிக்கலைன்னு சொல்லுங்க!”